எலேனாவின் சொந்த ஊர்

கேட்டி,
4 மார்ச் 2025

சௌ. ஷ்யாமளாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதமும் வழக்கமான கோபமும். போனில் பேசினால் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் பிள்ளை ஷ்ரேயஸின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எல்லோருக்கும் தபாலில் போட்டுவிட்டேன், சம்பந்தி கோரான் உட்பட. உன் வருங்கால மருமகள் எலேனா, தன் அப்பா கோரானின் சொந்த ஊர் பால்கன் பக்கம் 'யாசெனோவோ' என்று எழுதித் தந்திருந்தாள். கூகுள் மேப்பில் அப்படி ஓர் ஊரே இல்லை. அவள் சொன்ன மலையடிவாரத்தில் இருப்பது 'பிளாதோரி'. இங்கே அமெரிக்காவில் பிறந்த பெண், அவளுக்கு என்ன தெரியும்? நானே திருத்திவிட்டேன். நம் பக்கம் வழக்கம்போல அப்பாவின் பூர்வீகம் திருவிசைநல்லூர் என்று போட்டேன்.

நன்றியை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா நாகலக்ஷ்மி


பிரிட்ஜ்வாட்டர்,
13 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பத்திரிகையைப் பார்த்துவிட்டு கோரான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார். எலேனா என் கிச்சனில் நின்று அழுதுகொண்டே சொன்னதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் அந்த ஊரில் மசூதியும் சர்ச்சும் அடுத்தடுத்து இருந்தனவாம். முதலில் துருக்கியர்களை மொத்தமாக வெளியே அனுப்பினார்கள். அவர்கள் வீடுகளில் கடல் கடந்து வந்த அகதிகள் குடியேறினார்கள். பிறகு அரசாங்கம் யாசெனோவோ என்ற பெயரைப் பிளாதோரி என்று மாற்றியது, வேறு பாஷை பேசிய கோரானுடைய ஜனங்களின் பெயர்களையும் மாற்றியது. வீட்டில் பேசுகிற பாஷையைத் தெருவில் பேசினால் தண்டனை. உள்நாட்டுச் சண்டையில் கோரானின் அப்பா சின்னப் பையனாக மலை தாண்டி ஓடினார். திரும்பி வர அவரை விடவேயில்லை. இப்போது அங்கே சில கிழவர்களும் ஆடு மேய்க்க வந்த அல்பேனியர்களும்தான் இருக்கிறார்கள். பிளாதோரி என்ற பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்களாம்.

"பெரியம்மா ஏம்மா ஒரு கால் பண்ணி confirm பண்ணலை?" என்று ஷ்ரேயஸ் கேட்கிறான். திருவிசைநல்லூரில் நீயும் நானும் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, அக்கா. நாம் அதைப் போட்டுக்கொள்ளலாம், அவர் மட்டும் மேப்பைக் கேட்க வேண்டுமா?

ஷ்யாமளா


கேட்டி,
19 மார்ச் 2025

சௌ. ஷ்யாமளாவுக்கு,

உன் கடிதத்தை அத்திம்பேரிடம்கூடக் காட்டவில்லை. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. யாசெனோவோ என்று போட்டு வேறு பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிடு.

நாகலக்ஷ்மி


பிரிட்ஜ்வாட்டர்,
25 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

முழங்காலுக்குப் பரிந்துகொண்டு பொய் சொல்ல என்னால் முடியாது. கோரானின் நம்பரை இதோடு அனுப்பியிருக்கிறேன். தப்பு செய்தவள் நீ, பேச வேண்டியவளும் நீதான். பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் எலேனா மணையில் உட்கார மாட்டாள்.

ஷ்யாமளா


கேட்டி,
2 ஏப்ரல் 2025

சௌ. ஷ்யாமளாவுக்கு,

பேசிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு இன்னொன்றையும் சொல்லிவிட்டேன், இது உனக்கும் தெரியாது. கன்னிகாதானத்தில் பெண்ணின் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா பெயர்களைச் சாஸ்திரிகள் மூன்று தரம் உரக்கச் சொல்வார் இல்லையா? அவர்களுக்குத்தான் கோத்திரம் இல்லையே, பெண் வீட்டுப் பெயர்களை விட்டுவிடுங்கள் என்று சாஸ்திரிகளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஊரை எடுத்தது போதாதென்று ஆட்களையும் எடுத்திருக்கிறேன்.

கோரானிடம் மூன்று பெயர்களையும் கேட்டேன். "அரசாங்கம் கொடுத்ததா, வீட்டில் கூப்பிட்டதா?" என்றார். நீங்கள் சொல்வதுதான் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னார்: நௌம், திமிதர், கோரான். நௌம் என்று அவர் தாத்தாவை அந்த ஊர்த் தெருவில் யாரும் கூப்பிட முடியாதாம். "உங்கள் சாஸ்திரிகள் உரக்கத்தானே சொல்வார்?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.

கோரான் கல்யாணத்துக்கு வருகிறார். சாஸ்திரிகளுக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. நானும் வருகிறேன். ஆனால் என்னை முன்வரிசையில் உட்கார வைக்காதே ஷ்யாமளா. தாத்தாவின் பெயரைக் கோரான் கேட்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா