இரண்டு நிமிடத்தில் துண்டிக்க வேண்டிய லைன்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, உன் மனைவி செல்வி பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு ஓரமும் துளை போட்ட பழைய பிரிண்டர் தாள். "அண்ணா, உங்க ஃப்ரெண்டு இத்த என் நகைப் பெட்டிக்கு அடியில வெச்சிகினு இருந்தாரு. இங்கிலீஷ்ல நம்பர் நம்பரா இருக்குது, ஒண்ணும் புரியல. என்னான்னு பாத்து சொல்லுங்க" என்றாள். முதல் வரியைப் படித்ததுமே அது எந்த நாளின் தாள் என்று தெரிந்துவிட்டதுடா.

நாம் ஆரணியில் பிரவுசிங் கடை போட்ட காலத்தில் இன்டர்நெட் டெலிபோன் லைன் வழியாகத்தான் வந்தது. நமக்கு நான்கு கம்ப்யூட்டர், ஒரே லைன். ஒவ்வொரு முறையும் கையால் டயல் செய்வானேன் என்று, மூலையில் கிடந்த பழைய பெட்டியில் லினக்ஸை ஏற்றினாய். யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், அதுவே மோடத்தை எழுப்பி டயல் செய்துகொள்ளும். மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் அதோடு மல்லுக்கு நின்றாய். முதல் முறை அது தானாக இணைந்தபோது என் முதுகில் நீ வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அது தானாகத் துண்டித்துக்கொள்வதில்தான் உனக்குப் பெருமை. இரண்டு நிமிடம் யாரும் எதையும் திறக்காவிட்டால் லைனை விட்டுவிடும், வெளியிலிருந்து போன் வர வழி கிடைக்கும். ஏனென்றால் தெருவில் பத்து வீட்டுக்கு நம் கடை நம்பர்தான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட அதைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் போன் வந்தால் நாம் ஆள் அனுப்புவோம், தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள். "நெட்டு நம்ம பொழப்பு. போனு இந்தத் தெருவுக்கே உசுருடா. ரெண்டு நிமிசத்துக்கு மேல சும்மா புடிச்சிகினு இருக்கக் கூடாது" என்பாய்.

எனக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய பேஜார். பட்டு வியாபாரி ஒரு மெயிலை நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் லைன் போய்விடும். மறுபடி டயல், மறுபடி மோடத்தின் கத்தல். "இன்னாப்பா உங்க கடை, படிச்சிகினு இருக்கும்போதே புட்டுக்குது" என்று திட்டு வாங்குவது நான். நீ பெட்டியோடு கொஞ்சிக்கொண்டிருப்பாய்.

அன்று காலை நீ ஒரு வியாபாரி வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கிளம்பினாய். செல்வி பிரசவத்துக்காகச் சந்தவாசலில் அம்மா வீட்டில் இருந்தாள். "லைன மட்டும் பாத்துக்கடா. அங்கருந்து எப்ப வேணா போன் வரும். வந்தா ஜல்தியா ஆள அனுப்பு" என்றாய். தலையாட்டினேன். நீ தெருமுனை திரும்பியதும் பெட்டியின் முன் உட்கார்ந்து, 120 விநாடி என்று நீ எழுதியிருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் துண்டிக்கவே துண்டிக்காது. வாய்க்கொழுப்பு பிடித்த ஒரு வியாபாரி வருவதாக இருந்தார், அவர் போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவர் போனார், அடுத்தவர் வந்தார். அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தச் சுகத்தில் மறந்தே போனேன்.

மூன்று மணிக்கு மேல் உன் மைத்துனன் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றான். "காலைலருந்து பூத்துல நின்னு அடிச்சிகினே இருக்கறோம். எப்ப அடிச்சாலும் எங்கேஜுடு. புள்ள மத்தியானமே போயிட்சி. பச்சப்புள்ளய வெச்சிகினு இருக்கக் கூடாதுன்னு பெரியவங்க எடுத்துட்டாங்க" என்றான். அவனை உன்னிடம் அனுப்பிவிட்டு நான் முதலில் செய்த காரியம், பூஜ்யத்தை அழித்து 120 என்று திருப்பி எழுதியது. சில மணி நேரம் உயிரோடு இருந்த உன் மகனின் முகத்தை நீ பார்க்கவே இல்லை.

லைனில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் போட்டேன். பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்த நீ, பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினாய். என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு "சேஃப்டிக்குத்தான்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில மாதத்தில் கடையை விட்டு, வேலைக்காகச் செய்யார் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூட்டாளியையே நம்பாதவன் என்று போகிற இடமெல்லாம் உன்னைத் தூற்றினேன். கல்யாணங்களில் பார்த்தால் "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்பாய். அதற்கும் உன்மேல்தான் கோபப்பட்டேன்.

அந்தத் தாளில் இருப்பது அன்றைய பெட்டியின் பதிவு. காலை 9.20க்கு இணைந்தது. பிற்பகல் 3.25க்குத் துண்டித்தது. நடுவில் ஒரு வரியும் இல்லை. அதற்குக் கீழே நான் கெடுத்த ஃபைல், பூஜ்யத்தோடு. நான் 120 என்று திருத்திச் சேமித்தபோது, பூஜ்யம் இருந்த பிரதியையும் எடிட்டர் புரோகிராம் பக்கத்திலேயே எடுத்து வைத்திருக்கிறது. அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. நீ பார்த்திருக்கிறாய். பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த ஃபைலில் கை வைக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர்.

ஏன்டா கேட்கவில்லை? சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன், அது உண்மைதான். அதற்காக இத்தனை வருஷமா? பொறுமைசாலி என்று உன் காரியத்தில் ஊரே பேசியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. உன்னைத் தூற்றிக்கொண்டு திரியும்படி விட்டுவிட்டாய்.

"இன்னாண்ணா எழுதியிருக்குது?" என்று செல்வி கேட்டாள். பிள்ளை பெற்ற களைப்போடு அன்று உன்னை எதிர்பார்த்துக் கிடந்தவள் அவள். "ஒண்ணுமில்லம்மா, பழைய கடை பேப்பரு" என்றேன். தூக்கிப் போட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பழைய மடிப்பிலேயே பதமாக மடித்தாள். "வட்டம் அவரு கையால போட்டதாச்சே. இருக்கட்டும்ணா" என்று திரும்பவும் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

நேற்று அவள் என்னைப் போனில் மூன்று முறை கூப்பிட்டாள். லைன் காலியாகத்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.