புல் இல்லாத தீவு

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜெராக்ஸ் கடை வேலைக்குப் பாகூர் போய்த் திரும்புவதற்குள் சுடிதார் முழங்கால் வரை சேறு.

மங்கையிடமிருந்து மெசேஜ். புது கேம் போட்டிருக்கிறாளாம். ஒரு தீவு, ஆளுயரப் புல். அதில் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருத்தி தேடிப் பிடித்துச் சாயத் துப்பாக்கியால் சுட வேண்டும். "நானும் நிவேதாவும் ஆடுறோம்டி. நீயும் வா."

நிவேதா, அவள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவள். ஒதியம்பட்டிலிருந்து ரெண்டு பேரும் ஒரே பஸ். பக்கத்துப் பக்கத்து சீட். போன வருஷம் வரை சாயங்காலம் ஆனால் மங்கைக்கு விளையாட நான்தான், நான் மட்டும்தான். இனி இந்த நோட்டில் அவள் வெறும் நி. முழுப்பேர் எழுதுகிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்லை.

லேப்டாப்பில் டவுன்லோடு போட்டாச்சு. நெட் போனிலிருந்துதான், சிக்னலுக்காக அதை மாடிப்படியில் வைத்திருக்கிறேன். மழை உள்ளே அடிக்காமல் இருக்கணும்.

அக்டோபர் 15, புதன்

கேம் திறந்தது. நின்றது. திறந்தது. நின்றது.

என் லேப்டாப்பின் லட்சணம்: பேட்டரி செத்துப் பல காலம். கரண்ட் போனால் இதுவும் போகும். ஜி எழுத்து அமுங்காது. காலேஜ் சேர்ந்தபோது நானும் மங்கையும் ஒரே கடையில் ஜோடியாக வாங்கியது. அவள் இப்போது புதுசுக்குப் போய்விட்டாள். கீபோர்டில் கலர் கலராக லைட் எரியுமாம்.

செய்தவை: க்ரோம் மூடியாச்சு. ஆன்டிவைரஸ் நிறுத்தியாச்சு. அடியில் பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பியாச்சு. எனக்கு வேர்த்தால் யாருக்கென்ன. நிழல் வேண்டாம், கடல் அலை வேண்டாம். அப்படியும் நகரவில்லை. கடைசியில் பழைய வித்தை. கேமின் செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பூஜ்யம். காலேஜில் மங்கை சொல்லிக்கொடுத்தது. கார் ரேஸில் மரங்களை இப்படித்தான் எடுத்தோம்.

ஓடியது! மாட்டுவண்டி வேகம்தான், ஆனால் ஓடியது.

"புல்லை மொத்தமா எடுத்துட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: "இன்னாத்த எடுத்த? வூட்டுப் பின்னால இடுப்பு ஒசரம் நிக்குது, அத எடு. மாட்டுக்காவது ஆவும்."

அக்டோபர் 16, வியாழன்

முதல் ஆட்டம். தேடுகிறவள் நான். "அவங்களுக்கு லேக் ஆவுது, நின்னு நின்னு ஓடுது, ஒளியறது கஷ்டம்" என்று மைக்கில் சொன்னாள் நி. பெரிய கரிசனம்.

தீவுக்குள் போனால் சிரிப்பு தாங்கவில்லை. என் திரையில் புல்லே இல்லை. அறுப்பு முடிந்த வயல் மாதிரி வெறும் தரை. நட்டநடுவில் ரெண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒளிந்திருக்கிற நினைப்பில். நேராகப் போய் நி.யைச் சுட்டேன். முகமெல்லாம் நீலச் சாயம்.

"எப்டிங்க கண்டுபுடிச்சீங்க? நான் புல்லுக்குள்ளதான இருந்தேன்?"

"பழக்கம்" என்றேன்.

மங்கை சிரித்தாள். இன்றைக்கு நல்ல தூக்கம் வரும்.

அக்டோபர் 17, வெள்ளி

எல்லா ஆட்டமும் எனக்குத்தான். பிரயோஜனம் இல்லை.

ஒளிய தீவு முழுக்க இடம் கிடக்கிறது. ரெண்டும் ஒட்டிக்கொண்டேதான் உட்காருகின்றன. மங்கையின் பொம்மை கையைத் தூக்கி ஆட்டுகிறது, அந்த நி.யைப் பார்த்து. மைக்கில் சத்தமே இல்லை. புல் மறைத்திருக்கிறது, இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்கிற தைரியம்.

வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற வயசில், ஒரு பொம்மை கை ஆட்டியதற்கு அழுகிறேன். நி.யை மூன்று தடவை சுட்டேன். ஒரு தடவையே போதும்.

அம்மா கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றேன்.

அக்டோபர் 18, சனி

கடையில் கூட்டம். மிஷின் பேப்பரைத் தின்றது.

ஆட்டம் முடிந்ததும் நி. மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். "பாவம்பா அவங்க. ஒரு ரேம் வாங்கிக் குடுத்துடலாமா?" மங்கை: "நான் பாத்துக்கறேன்."

பாவமாம்! இவள் யார் என்னைப் பாவம் பார்க்க? ரேம் போட்டால் வேகம் வரும், அப்புறம் புல்லை எடுத்து வைக்கச் சாக்கு ஏது, அதுவும் திரும்பி வரும். எனக்கு இருக்கிற ஒரு கண்ணையும் குத்தப் பார்க்கிறாள்.

மங்கைக்கு மெசேஜ் போட்டேன்: இனிமே நான் ஆட வரல. பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

வெயில். நாளைக்குத் தீபாவளி. அப்பா கரும்பு வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறார்.

வாசலில் ஸ்கூட்டி சத்தம். மங்கை. கையில் முறுக்கு டப்பா, அதன் மேல் பேப்பரில் சுற்றிய ரேம்.

"யாரு குடுத்தா?"

"என் பழைய லேப்டாப்ல கழட்டினது. ரெண்டும் ஜோடிதான, பொருந்தும்."

"வேணாம். புல்லு வந்துடும்." வாய் தவறி வந்துவிட்டது.

மங்கை முறைத்தாள். "உனக்குப் புல்லு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? பூஜ்யம் போடச் சொல்லிக் குடுத்தவளே நான்தானடி. அதனாலதான் நெதம் உன்னப் பாத்துக் கை காட்டிகினு இருக்கேன். ஒரு நாளாவது திருப்பிக் காட்டினியா? வந்த, அவள சுட்ட, போய்கினே இருக்க!"

"அவ பக்கத்துலயே உக்காந்துகினு..."

"அவ புதுசு. பயந்துகினு என் பின்னாலயே வரா. நான் இன்னா பண்றது?"

என்னைப் பார்த்தா? இத்தனை நாளும் என்னைப் பார்த்தா? முறுக்கைக் கடித்தேன். உப்பு கம்மி.

சாயங்காலம். ரேம் போட்டாச்சு. நிற்காமல் ஓடுகிறது. புல்லையும் வைத்துப் பார் என்றாள் மங்கை போனில். வைக்கவில்லை. அந்தப் பூஜ்யம் அப்படியே இருக்கட்டும்.

வெறும் தரையில் மங்கை கை காட்டினாள். திருப்பிக் காட்ட ஜி அமுக்கணும், என்னிடம் ஜி ஏது. ரெண்டு தடவை குதித்தேன். அவளும் குதித்தாள்.

பக்கத்தில் நி. எழுந்தாள். எனக்குப் புல் தெரியாதென்று மங்கை சொல்லியிருப்பாள் போல. என்னைப் பார்த்து அவளும் கை காட்டினாள்.

அவளைச் சுட்டேன்.