இரண்டு சென்டிமீட்டர்

நாள் 412, காலை 9:10
ஆக்சிஜன் சீர். தண்ணீர் போதும். பூமிக்கு இன்னும் இருபத்தைந்து நாள். விண்கப்பலில் இருவர்: மூளை மருத்துவர் மங்கையர்க்கரசியாகிய நானும், தலைவர் அமல்ராஜும். மூன்றாமவனாக இருந்தவன் என் தம்பி குருபரன். நாள் 240-இல் இயந்திர அறை தீப்பிடித்தபோது அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியவர் அமல்ராஜ். சாகும்வரை நான்கு நிமிடம் தட்டியிருக்கிறான். சத்தமே கேட்கவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார் புண்ணியவான். ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. நன்றாகவே கேட்கிறது.

இப்போது அவருக்கு மனச்சோர்வாம். சாப்பிடுவதில்லை, படுக்கையை விட்டு எழுவதில்லை. தானியங்கித் தரையிறக்கம் அந்தத் தீயிலேயே போய்விட்டது. கப்பலை இறக்க அவரால்தான் முடியும். தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளைக்குத் தூண்டல் கொடுத்துத் தேற்றும்படி தலைமையக உத்தரவு.

நாள் 413, 10:00
முதல் அமர்வு. துயரத்தைக் கிளறும் பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. காந்தம் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் இடது நெற்றிக்கு மேலே ஒரு புள்ளி அதனுடன் வலைப்பின்னலாக இணைந்திருக்கிறது. இதைத் தூண்டினால் அது அடங்கும். புள்ளி ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய மூளை வரைபடத்தைத் தயாரித்தவளே நான். சரியான இடத்தில்தான் வைத்தேன்.

நாள் 422, 10:40
இரண்டு வேளை சாப்பிட்டார். ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அறைக்கு அறை பேசும் உள்தொடர்பில் அவர் சொன்னது, அப்படியே:
"குரு நெனப்பு இப்ப அவ்வளவா வர்றதில்ல டாக்டர். நல்லா தூங்குறேன்."
அவருக்குக் கிடைத்த ஒரே தண்டனை அந்த உறுத்தல். அதையும் என் கையாலேயே துடைத்திருக்கிறேன்.

நாள் 423, 10:00
சுருளை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். அதே டக் டக் சத்தம். அவருக்கு என்ன தெரியப்போகிறது? கடைசி வாரம் சரிசெய்துகொள்ளலாம்.

நாள் 431, 13:20
சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. சுவரைப் பார்த்து அழுகிறார். ஆறு மாதத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது. இன்னும் இரண்டு நாள் அழட்டும்.

நாள் 435, 16:00
பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். நாளுக்கு ஐந்து முறை கொடுக்கிறேன். பலனில்லை.

நாள் 437, 06:15
தரையிறங்க நாற்பது நிமிடம். எழவில்லை. கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உள்தொடர்பில்:
"நீங்க தள்ளி வெச்சது அன்னிக்கே தெரியும் டாக்டர். எல்லா மிஷின் பதிவும் என் ஸ்க்ரீனுக்கு வருமே. எனக்கு இது சரிதான்னு விட்டுட்டேன். அவன் தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

06:50
இயக்கக் கைப்பிடி எனக்கு அடங்கவில்லை. சூடு ஏறுகிறது. இதை எடுத்துப் படிப்பவரே, விபத்து என்று எழுதிவிடாதீர்கள்.

06:53
இன்னும் அழுகிறார். உள்தொடர்பை நான் அணைக்கவில்லை. கேட்க நன்றாகத்தான்