அரையர் நோட்டின் கடைசிப் பக்கம்

என் பிரியமுள்ள மாமா,

எட்டு வருஷம் ஒரே ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதில்லை. அதனால் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை மாமா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போதும் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

சோஹாரில் எல்லாம் அப்படியே இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் இன்னும் இரண்டு டேங்க் எழுந்துவிட்டது. உங்கள் கட்டிலை ஒரு ராஜஸ்தான்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தங்கமான மனுஷன். முதல் நாள், சுவரில் நீங்கள் ஒட்டி வைத்த வம்சாவளிப் படத்தைப் பார்த்து "யே க்யா ஹை பாய்?", என்ன பாய் இது, என்றார். "ராஜா லோக் கா ஃபேமிலி" என்றேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை மாமா. டீ டைமில் ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீங்கள் போய்விட்டீர்கள் என்று வந்து சொன்னபோது, கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்து டூல் பாக்ஸில் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். போலீஸ், ஆஸ்பத்திரி, எம்பசி என்று காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மஸ்கட்டிலிருந்து உங்களோடு அதே விமானத்தில் வந்தேன். சாப்பாடு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். "நீ மனுஷனாடா, மரக்கட்டையாடா?" என்று அக்கா கேட்டாள். கேட்கட்டும். எனக்கே தெரியவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரையர்களைப் பற்றி நீங்கள் எழுதிய நோட்டு அச்சுப் புத்தகமாகப் போகிறது. வருஷ நினைவுக்கு அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று உங்கள் தம்பி கோவிந்தன் முடிவு செய்துவிட்டார். டைப் அடித்த தாள்களையும் அசல் நோட்டையும் லீவு முடிந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உங்கள் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரமாகத் தாள் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. அரையர்கள் பகுதியை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அந்த அரையர்களோடு நீங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். ஓடைக்குன்றத்து அரையர்கள். சோழர் காலத்தில் நம் பக்கத்தை ஆண்ட குட்டிச் சிற்றரசர்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் பெயரே தெரியாது. நீங்களோ பகலெல்லாம் ஸ்டோரில் பைப்பும் வால்வும் எண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமை ஆனால் கல்வெட்டு ஜெராக்ஸைப் பரப்பிக்கொண்டு, எந்த அரையனுக்கு எவன் அப்பன் என்று தேடுவீர்கள். "ஸ்டோருக்கு இங்க சம்பளம் கம்பெனி குடுக்குது, அங்க ராஜா குடுக்குறாரு" என்று, உங்களை 'ஸ்டோர்' என்றே கூப்பிடும் ரூம் ஆட்கள் கிண்டல் பண்ணுவார்கள். "ஆமாண்டா, ராஜா எனக்கு ஓவர்டைமும் போடுறாரு" என்பீர்கள்.

ஆறாவது அரையனுக்கும் ஏழாவது அரையனுக்கும் நடுவில் நூல் அறுந்து கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். அப்பனும் மகனுமாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் சாதித்தீர்கள். சான்று மட்டும் மாஃபி, இல்லவே இல்லை.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அமுதா. உங்கள் மகளைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன் பாருங்கள். நீங்கள் இங்கே, கல் அங்கே. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த பெண், லீவு நாளில் ஈஸ்வரன் கோவில் பின்சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி, எழுத்து தெரிய மாவைத் தடவி, ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி அப்படியே பார்த்து வரைந்து தபாலில் அனுப்பினாள். முள் குத்தி ஒரு வாரம் நொண்டினாளாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கல்லில் ஒரு பெண் கோவிலுக்கு விளக்கு வைத்திருந்தாள். ஆறாவது அரையனுக்கு மகள், ஏழாவது அரையனுக்குத் தாய். ஏழாவது ஆள் மகனே இல்லை, மகள் வயிற்றுப் பேரன்! நீங்கள் கட்டில் மேல் ஏறி நின்று கத்தியது கேம்ப் முழுக்கக் கேட்டது. "பாத்தியாடா சேகரு! பன்னண்டு கல்லுல ஆம்பளைங்க பீத்திகினானுங்க. பெத்த பொண்ணு பேர ஒருத்தனாவது எழுதுனானா? அவளே வெளக்கு வெச்சு எழுதிகினா. அவ இல்லன்னா இந்த வம்சமே இல்லடா!" அன்று எல்லோருக்கும் டீ உங்கள் செலவு.

அதற்கு அடுத்த வருஷம்தான் அமுதா முருகனோடு போனாள். வேற ஆளுங்க. மினி பஸ் டிரைவர்.

அவளை எனக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு இருந்தது. அக்கா மகளை மாமன் கட்டுவது நம் பக்கத்தில் புதிது இல்லை. நான் ஆசைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊரிலிருந்து போன் வந்த அந்த வாரம் நீங்கள் யாரோடும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு புதுத் தாள் எடுத்தீர்கள். நாமெல்லாம் அரையர் வம்சம்தான் என்று சொல்லிக்கொள்ளச் சொந்தக்காரர்களுக்கு ஆசை. நீங்கள் "இவர்களுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உறவு இருந்ததாக ஒரு சான்றும் இல்லை" என்று பட்டென்று எழுதினீர்கள். அதற்குக் கீழே, பத்திரத்திலும் பட்டாவிலும் கிடைத்தவரை நம் குடும்பத்தின் ஐந்து தலைமுறையை எழுதினீர்கள். கடைசி வரி: "எனக்கு மகன் ஒருவன், சரவணன்."

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, அமுதா..." என்றேன். "கலாஸ், முடிஞ்சது" என்று பேனாவை மூடிவிட்டீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது மாமா. எனக்காகத்தானே அவள் பெயரை விட்டுவிட்டார், என் தலைகுனிவுக்காகத்தானே என்று. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, புள்ள பேர எழுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்களா? எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு அவள் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தையோடு தெருமுனை ரேஷன் கடைக்குப் பக்கத்தில் நின்றாள். "அவ உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று கோவிந்தன் வாசலில் நின்று சொன்னார். அமுதா என்னைத்தான் பார்த்தாள். நான் உங்கள் பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். உங்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

போன மாசம் எப்படியோ நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்தாள். நல்லா இருக்கீங்களா, சாப்பாடு சரியா இருக்கா என்று வழக்கமானதெல்லாம் கேட்டாள். பிறகு, "மாமா, அப்பா நோட்டு புக்கா வருதாமே. அதுல என் பேரு இருக்கா?" என்றாள். "பாத்துச் சொல்றம்மா" என்றேன். பார்க்காதவனா நான்?

கோவிந்தனுக்குப் போன் போட்டேன். ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டதற்கே எகிறிவிட்டார். "செத்தவரு எழுதுன எழுத்துடா அது. அதுல கை வெக்க உனக்கு இன்னா பாத்தியத? உன்னயே வேணாம்னு போனவளுக்கு நீ வக்காலத்தா? வெக்கமா இல்ல?"

அக்காவைக் கேட்டேன். "நான் பெத்தவடா. எழுதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. எழுதாதன்னு சொல்ல வாய் வரல. நீ இன்னா பண்ணாலும் என்ன கேக்காத" என்று வைத்துவிட்டாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஸயீத் வந்தார். உங்கள் டீ கூட்டாளி, நம் டைம் கீப்பர் ஸயீத். தன் பெயரோடு ஏழு தலைமுறைக்கு, இன்னார் மகன் இன்னார் என்று, 'பின், பின்' போட்டு அடுக்கிச் சொல்வாரே, அவர்தான். தாளில் இருந்த உங்கள் வம்சாவளிப் படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ஸ்டோர் கா காம்?", ஸ்டோர்காரர் வேலையா, என்றார். ஆமாம் என்றேன். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, இது யார் என்றார். சரவணன், அவருடைய மகன் என்றேன். அவர் விரல் அங்கேயே நின்றது.

"பேட்டி கிதர்?"

மகள் எங்கே என்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஸ்டோர் போலா. ஏக் பேட்டா, ஏக் பேட்டி. பேட்டி பத்தர் படித்தீ ஹை." ஒரு மகன், ஒரு மகள், மகள் கல் படிப்பாள் என்று நீங்கள் சொன்னீர்களாம். டீ குடிக்கும்போது ஒரு தடவை இல்லை, பல தடவை.

வாய்ச்சொல் சான்று ஆகாது, கல்லிலோ காகிதத்திலோ இருக்கணும் என்பீர்கள். தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன் மாமா. உங்கள் வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: "மகள் அமுதா. கோவில் பின்சுவர்க் கல்வெட்டைப் படியெடுத்துத் தந்தவள். அவள் கணவன் முருகன். அவர்கள் மகள் யாழினி. இதைச் சேர்த்தவன் மைத்துனன் சேகர்." நீங்கள் எழுதியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று என் பெயரையும் போட்டேன். அச்சடித்தால் இந்தப் பக்கத்தோடு அடிக்க வேண்டும், இல்லையென்றால் அசல் நோட்டை நான் தரமாட்டேன் என்று கோவிந்தனுக்கு ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று டியூட்டி முடிந்ததும் போன் கார்டு வாங்கி அமுதாவைக் கூப்பிட்டேன். "உன் பேரு இருக்கும்மா" என்றேன்.

"அப்பா எழுதுனதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம். நாக்கு நுனி வரை வந்தது. "இல்லம்மா. நான் எழுதுனேன்" என்றேன்.

"சரி மாமா" என்றாள். அந்த 'சரி'யை என்னால் கேட்க முடியவில்லை. அதனால் ஸயீத் சொன்னதைச் சொன்னேன். ஒரு மகன், ஒரு மகள், மகள் கல் படிப்பாள்.

பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "எப்ப சொன்னாராம் மாமா? நான் போறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. எனக்குத் தோன்றாத கேள்வி. யோசித்தேன்.

"ஸயீத் இந்த சைட்டுக்கு வந்ததே உங்கப்பா போறதுக்கு ஆறு மாசம் முன்னாடிதாம்மா. நீ போயி அப்பவே ரெண்டு வருஷம் ஆயிடுச்சு."

அவள் அழுதாள். "அப்பா, அப்பா" என்று அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. எனக்கு அப்போதும் வரவில்லை. கார்டு தீரும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு ஓமானிக்காரரிடம் சொல்ல முடிந்ததை ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனதா? நான் எப்படி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்?

என் அடுத்த லீவு சமயத்தில் யாழினிக்குக் காது குத்துகிறார்களாம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், சரவணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். சித்தப்பன் மேல் அவனுக்குப் பயம். நான் போகிறேன். கோவிந்தன் என்ன சொன்னாலும், ஊர் சிரித்தாலும், அவள் வீட்டு வாசல் ஏறி, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிட்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். அப்போதாவது எனக்கு அழுகை வருமா என்று தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் போவேன். உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
அமுதாவின் தாய்மாமன்,
சேகர்