சூடு காட்டும் முள்

பிப்ரவரி 3

கோபக்காரிக்கு,

என் போனை எடுக்க மாட்டேன் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டாயாம். கடிதத்தைக் கிழிக்கவாவது கையில் எடுப்பாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன். பாப்பாவின் கைக் கொப்புளம் காய்ந்ததா? வேனில் சுடுதண்ணீர் போகும் ஹோஸ் வெடித்து ஆவி சீறிய சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஸ்கூல் சவாரியை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளை என் நண்பன் ஒருவன் தன் வண்டியில் கூட்டிப் போகிறான். நம் வேன் என்ஜினின் மேல்பாகத்தை, அந்த ஹெட்டை, இறக்கிப் பார்த்தேன். நீ சொன்னதுதான். இரண்டு வால்வுகளுக்கு நடுவே முடி போல ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியது போதும். பழைய வண்டிகளை உடைக்கும் கடையில் நல்ல ஹெட் ஒன்று கிடைத்தது, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கிவிட்டேன். மாட்டியதும் வேனிலேயே வந்து உங்களை அழைத்து வருகிறேன். வரலாமா?

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

கை ஆறி வருகிறது. ஆனால் குக்கர் விசில் அடித்தாலே ஓடிவந்து என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

பழைய வண்டிக்கு ஹெட் போவது உலக அதிசயமா? அதற்காக யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. சூடு காட்டும் முள்ளின் வயரை நீங்களே கழற்றிவிட்டு, "பாரு, முள் ஏறவே இல்ல, நீதான் சும்மா பயப்படுற" என்று என்னிடமே காட்டினீர்கள். நானும் நம்பி, என்ஜினுக்கு மேலேயே இருக்கும் முன்சீட்டில் பிள்ளையை உட்காரவைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அன்றைக்கு ஸ்கூல் பிள்ளைகளும் உள்ளே இருந்திருந்தால்?

ஹெட்டை நிதானமாக மாட்டுங்கள். இங்கே வர வேண்டாம்.

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 12

கோபம் குறையாதவளுக்கு,

மாட்டினேன், கெடுத்தேன். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகட்டின் ஓரமெல்லாம் தண்ணீர் கசிகிறது. ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டே போய்விட்டேன். எப்போதும் நீ பக்கத்தில் நின்று, "இது, இப்ப எதிர்ல" என்று விரல் நீட்டுவாய், நான் ரெஞ்சைத் திருப்புவேன். இத்தனை வருஷமும் வரிசை உன் விரலில்தான் இருந்திருக்கிறது. என் மண்டையில் ஏறவே இல்லை.

தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்கலாம். கேட்டுவிட்டால் நீ எனக்குப் பதில் எழுத ஒரு காரணமும் இருக்காதே. அந்த வரிசையை எழுதி அனுப்பு.

உன் அரைகுறை

பிப்ரவரி 16

அரைகுறைக்கு,

முதலில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கேஸ்கட் புதிதாகத்தான் போட வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு போல்ட்டில் தொடங்கி, குறுக்குக் குறுக்காக வெளியே போங்கள். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஹெட்டைப் பற்றிக் கை ஓயாமல் எழுதுகிறீர்கள். வயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குக் கேஸ்கட் போட்டு மூடிவிட்டீர்களா?

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 21

என்னவளுக்கு,

நீ சொன்ன வரிசையிலேயே இறுக்கினேன். கசிவு இல்லை. வயரையும் மாட்டிவிட்டேன். பயந்துதான் கழற்றினேன். முள் ஏறுவதை நீ பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்வாய், நிறுத்தினால் சவாரி போய்விடும் என்று பயம். பிள்ளையைவிடச் சவாரி பெரிதாகப் போய்விட்டது எனக்கு.

நேற்று காலி வண்டியை மேட்டில் ஏற்றினேன். முள் பாதியைத் தாண்டியது. உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். முன்பென்றால் இதை உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். என்ஜினுக்குத் தண்ணீர் போகும் வழியில் காற்று அடைத்திருந்தது. ஆறவிட்டு, காற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பினேன். இன்று இரண்டு முறை அதே மேட்டில் போய்வந்தேன், முள் நடுவிலேயே நின்றது. ஆனாலும் பாப்பாவை அதில் ஏற்ற எனக்கே தைரியம் வரவில்லை. நான் பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறப்பாயா?

உன்னவன்

பிப்ரவரி 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

பஸ் வேண்டாம். வேனிலேயே வாருங்கள். வழியில் முள் ஏறினால் நிறுத்துங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம். பாப்பா பின்சீட்டில்தான் உட்காருவாளாம்.

முன்சீட்டில் நான் உட்காருகிறேன்.

உங்கள் கோபக்காரி