குழாயில் போன அம்மோனியா

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் அத்தான் முழங்கால் வலி என்று புலம்பிக்கொண்டே மாடியேறுகிறார்.

அக்கம்பக்கத்து நான்கு நாடுகளின் அம்மோனியா உற்பத்தியை ஒப்பிடும் அட்டவணையை ஒருவழியாக முடித்தேன். எங்கள் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்டும் விட்டது. நாங்கள் முதலிடம், நீ வேலை பார்க்கும் நாடு கடைசி! அங்கே இருப்பது உங்கள் ஆலை ஒன்றுதானே? கண்ணெரிய உழைக்கிறேன் என்று அளந்தாயே, அதெல்லாம் எங்கே போயிற்று? கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

உன் அட்டவணை எங்கள் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. மேலாளர் அதைத் தட்டிக் காட்டி, "கடைசி இடத்துக்கு எதுக்குய்யா நாலு ஷிஃப்ட்? மூணு போதும்" என்றார். எடுக்கப்போவது எங்கள் ஷிஃப்டை.

நீ சேர்த்திருப்பது லாரியில் வெளியே போன அம்மோனியாவை மட்டும். எங்களுடையதில் பெரும்பகுதி குழாய் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கமுள்ள யூரியா ஆலைக்குப் போகிறது. வீட்டிலேயே பொங்கிச் சாப்பிட்டால் அது சமையல் இல்லையா? மேலாளருக்கும் இது தெரியும். ஆள் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார், நீ கொடுத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
ஆலை ஊழியன்

ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

உங்கள் தலைமை அலுவலகத்திடம் "எவ்வளவு அனுப்பினீர்கள்?" என்றுதான் கேட்டிருந்தேன். இங்கே உற்பத்தி முழுவதும் லாரியில்தான் போகிறது. எங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

குழாய்க் கணக்கையும் வாங்கிச் சேர்த்தாயிற்று. நீங்கள் இரண்டாமிடம். திருத்தம் வெளியிடக் கேட்டபோது இயக்குநர், "இதையெல்லாம் முதல்லயே பாக்க மாட்டீங்களாம்மா?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

உன் கடிதத்தின் முடிவைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆலை ஊழியனுக்கா நான் எழுதினேன்?

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

திருத்தம் கிடைத்தது. நானே பலகையில் ஒட்டினேன். மேலாளர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "நல்லது" என்றார். ஷிஃப்ட் மட்டும் மூன்றாகவே இருக்கிறது. எங்களை நேற்றோடு அனுப்பிவிட்டார்கள்.

வருத்தமெல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி இருக்கிறது. நேரில் வந்து உன்னோடு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன். வேலை தேடவும் அங்கேதான் வரவேண்டும், முதலிடமாயிற்றே! ஞாயிற்றுக்கிழமை வருவேன். அத்தானைக் கீழேயே இருக்கச் சொல், பெட்டியை நானே மேலே கொண்டுவருகிறேன்.

ஆலை கேட்டைத் தாண்டி வெளியே போனதைத்தானே நீ எண்ணுவாய்? நானும் தாண்டிவிட்டேன். சேர்த்துக்கொள்.

உன் தம்பி