லைனில் மூன்றாவது காது

12 ஆகஸ்ட் 1976
மழை. பண்ணைக்காடு லைன் காலையிலேயே செத்துவிட்டது. காப்பி வியாபாரிகள் ஆபரேட்டரான என்னைத்தான் திட்டினார்கள். மழையைத் திட்ட முடியாதே.

மதியம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மேலிடத்து ஆள் ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை. பின்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்துகொண்டார். பவுல்ராஜ் அண்ணாச்சியின் மளிகைக்கடை போனில் யார் பேசினாலும் தனக்கும் லைன் கொடுக்க வேண்டுமாம். எமர்ஜென்சியாம். பஜாரில் பாதிப் பேருக்கு அந்தப் போன்தான் போன்.

13 ஆகஸ்ட்
உபகாரம் வாத்தியார் கடையிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். ஜெயிலில் கிடக்கும் தம்பிக்காக வக்கீலிடம் பேச. என் கை பின்னறை லைன் பக்கம் போனது. போய் நின்றுவிட்டது. முதலில் வாத்தியாரிடம் சொன்னேன்: "சார், லைன்ல மூணாவதா ஒரு காது இருக்கு. பாத்துப் பேசுங்க." அப்புறம்தான் அந்த ஆளுக்குக் கொடுத்தேன்.

பயமாக இருக்கிறதா? இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

4 செப்டம்பர்
இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். கடை போனில் ஊரே கேரட் விலையும் கர்த்தரின் கிருபையும் பேசுகிறது. இன்று அந்த ஆள் வெளியே வந்து என்னை முறைத்தார். "இந்த ஊர்ல யாருக்கும் வேற சோலியே இல்லையா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முழுசாக அடக்கவில்லை போல.

9 செப்டம்பர்
சஸ்பெண்ட். லைன் ரகசியத்தை வெளியிட்டேன் என்று கேஸும் உண்டாம்.

20 ஏப்ரல் 1977
எமர்ஜென்சி போய்விட்டது. என் கேஸ் போகவில்லை. இன்று மார்க்கெட்டில் என் காதுபடவே பேசினார்கள். "பாவம், நல்லதுதான செஞ்சுச்சு" என்றாள் ஒருத்தி. "வேலைல சேரும்போது ரகசியம் காப்பேன்னு சத்தியம் பண்ணவதான? இப்படிப்பட்டவள விடக்கூடாது" என்றாள் இன்னொருத்தி.

ஆமாம், சத்தியம் செய்தேன். யாருடைய ரகசியத்துக்கு? லைனில் பேசுகிறவர்களுடைய ரகசியத்துக்கு. அதைத்தானே காப்பாற்றினேன்! திரும்பிப் போய் இதை அவளிடம் சொல்லாமல் வந்தேனே, அதுதான் ஆறவில்லை.

8 மே
பவுல்ராஜ் அண்ணாச்சி கருணை மனுவோடு வீட்டுக்கு வந்தார். பஜாரே கையெழுத்துப் போட்டிருக்கிறது. மார்க்கெட்டில் விடக்கூடாது என்றவளும்கூட. 'அறியாமல் செய்த பிழையை மன்னித்து...' என்று தொடங்குகிறது.

"ஒன் கையெழுத்து ஒண்ணுதாம்மா பாக்கி. கேஸும் போயிரும், வேலையும் கெடைச்சிரும்."

"அறிஞ்சுதான் செஞ்சேன் அண்ணாச்சி."

"அது எங்களுக்குத் தெரியாதா லீமா?"

"தெரிஞ்சே இப்படி எழுதிருக்கீங்களே!"

கையெழுத்தில்லாத மனுவோடு அவர் போனதும் அம்மா அழுதாள். "ஒன் ரோசத்த வச்சு நாம சாப்பிட முடியுமாடி?" ஆனால் மன்னிக்கச் சொல்லி ஏன் கேட்க வேண்டும்? அந்தப் பின்னறை ஆள் யாரிடமாவது கேட்டாரா?

21 ஜூலை
கோர்ட். நான் எச்சரித்ததற்குச் சாட்சி போனில் கேட்டவர்கள் மட்டும்தான். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். "இந்தக் குரல்தானா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்கள்.

"இந்தப் பிள்ள குரலை நான் போன்ல கேட்டதே இல்லீங்க."

வருஷக்கணக்காகத் தினமும் "லீமா, தேனி மண்டியப் போடும்மா" என்ற மனிதர்! அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. ஊர் என்னை மன்னிக்கிற விதம் இதுதான் — என் குரலையே தெரியாது என்பது. கடைசியாக உபகாரம் வாத்தியார் ஏறினார். பொய் சொல்லி அறியாத மனிதர். பைபிள் மேல் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாரை விட்ருங்கய்யா. நான்தான் சொன்னேன். மறுபடி அந்த நாற்காலில உக்கார வச்சாலும் சொல்லுவேன்."

தண்டனை: அபராதம், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். வேலை இனிக் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க போங்க சார்" என்றேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோர்ட் கலையும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

2 பிப்ரவரி 1978
ஏரிக்கரை ஹோட்டலில் போன் போர்டு வேலை. இன்று முதல் நாள். முதலில் வந்த போனை எடுத்து ஹோட்டல் பெயரைச் சொன்னேன்.

"லீமாதானே? பவுல்ராஜ் பேசுறேம்மா. அரிசி மூட்டை வெரசா அனுப்புறேன்னு மேனேஜர்ட்ட சொல்லணும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும் கேக்கலையே?" என்றார்.

"கேட்டா மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுவேன் அண்ணாச்சி. பேசுங்க."